பதினான்கு கால் இடத்தில் ஒரு வெப்ப அறை: 10 மெகாஹெர்ட்ஸ் சிற்றளவு ஓசிஎக்ஸ்ஓ ஒன்றின் மதிப்பீடு

பதினான்கு கால் ஐசி ஒன்று அடைத்துக்கொள்ளும் இடத்துக்குள் அடங்கிவிடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் குவார்ட்ஸ் ஆசிலேட்டர் (மாறாத அதிர்வெண்ணில் மின்னலையை எழுப்பும் சுற்று) ஒன்றை, பொறியாளர்கள் சுருக்கமாக ஓசிஎக்ஸ்ஓ என்று சொல்லும் சாதனத்தை, சில மாதங்களாக ஆய்வு மேசையில் வைத்துச் சோதித்து வருகிறேன். 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், 3.3 வோல்ட் மின்வழங்கல், சதுர அலை வெளியீடு, அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்துவதற்கு ஒரு கட்டுப்பாட்டுக் கால் ஆகியவை இதன் அடிப்படை விவரங்கள். குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். படிகத்தை அதன் கூட்டுக்குள்ளேயே சூடாக்கும் இந்த அமைப்பைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன என்பதால், இங்கே சொல்பவற்றுள் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிகத்தைச் சீரான வெப்பத்தில் வைத்திருக்கும் வேலையை இது மிக நன்றாகச் செய்கிறது, படிகத்துக்கு வெளியே நிற்கும் உறுப்புகளைக் கவனிப்பதில்தான் கோட்டை விட்டிருக்கிறது.

குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் வெப்பநிலைக்கேற்ப மாறும் என்பதும், சாதாரணப் படிக ஆசிலேட்டர்கள் மில்லியனில் சில பத்துப் பங்குகள் வரை விலகும் என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. வெப்பநிலையை அளந்து அதற்கேற்பத் திருத்தம் செய்யும் டிசிஎக்ஸ்ஓ வகை அந்த விலகலை மில்லியனில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே கொண்டுவருகிறது. அதற்கும் கீழே, பில்லியனில் சில பங்குகள் என்ற நிலைக்கு (இனி இதைப் பிபிபி என்றே குறிப்பிடுகிறேன்) இறங்க வேண்டுமானால், திருத்துவதை விட்டுவிட்டு வெப்பநிலையையே மாறாமல் பிடித்து வைக்க வேண்டும். ஓசிஎக்ஸ்ஓ செய்வது அதைத்தான். பழைய ஓசிஎக்ஸ்ஓக்கள் உள்ளங்கையில் பாதியை நிறைக்கும் உலோகப் பெட்டிகளாக இருந்தன; தொடக்கத்தில் பல வாட்டும், சூடேறி நிலைத்த பிறகும் ஒரு வாட்டுக்கு மேலும் மின்திறனை விழுங்கின. இப்போது என் மேசையில் இருப்பது 25 டிகிரி செல்சியஸ் அறையில் 150 மில்லிவாட் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. இந்தச் சாதனத்தின் நிறைகளும் குறைகளும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

சிற்றளவு ஓசிஎக்ஸ்ஓவை வடிவமைப்பது மின்னணுவியல் வேலை என்று தோன்றலாம். முதலில் அது வெப்பவியல் வேலை. படிகம் 90 டிகிரியில் இருக்க வேண்டும், வெளியே 25 டிகிரி என்று கொண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 65 டிகிரி. நீளமும் அகலமும் 10 மி.மீ., உயரம் 5 மி.மீ. கொண்ட ஒரு சூடான பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தப் பரப்பு 400 சதுர மி.மீ. அதைச் சுற்றி 2 மி.மீ. அளவுக்கு அசையாத காற்று இருந்தால், அந்தக் காற்றின் வழியாக மட்டும் ஏறத்தாழ 340 மில்லிவாட் வெப்பம் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். இடைவெளியில் சாதாரண நுரைப் பொருளை அடைத்தாலும் கணக்கு பெரிதாக மாறாது; நுரை காற்றை அசையவிடாமல் தடுக்கிறதே தவிர, காற்றைவிட மோசமாக வெப்பத்தைக் கடத்துவதில்லை. காற்றையே அகற்றிவிட்டால் கதிர்வீச்சு மட்டும் மிஞ்சும். முழுக் கறுப்பான பரப்பாக இருந்தால் கதிர்வீச்சே 215 மில்லிவாட்டைக் கொண்டுபோய்விடும். பொன் முலாம் பூசிய பளபளப்பான பரப்பிலோ அது 10 மில்லிவாட் அளவோடு நின்றுவிடுகிறது.

அடுத்த கசிவு கால்களின் வழியே. கண்ணாடியோடு காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்ளும் கோவார் உலோகக் கலவையில் 0.45 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. நீளமும் உள்ள நான்கு கால்கள் இருந்தால், அதே 65 டிகிரி வேறுபாட்டில் அவை மட்டும் 140 மில்லிவாட்டைக் கடத்தும். அவற்றைத் தாமிரத்தில் செய்தால் 3 வாட்டைத் தாண்டிவிடும். விட்டத்தைப் பாதியாக்கினால் கசிவு கால் பங்காகும், ஆனால் தாங்கும் வலிமையும் சரியும். ஆக, சிற்றளவு ஓசிஎக்ஸ்ஓ என்பது வெற்றிடம், பளபளப்பான பரப்பு, மெல்லிய கம்பிகள் ஆகிய மூன்றோடு, சூடாக்க வேண்டிய பொருளை இயன்ற அளவு குறைப்பது என்ற நான்காவதையும் சேர்த்துக்கொண்டு செய்யப்படும் பேரம்.

இந்தத் தயாரிப்பில் அந்த நான்காவது விஷயம்தான் மிக நன்றாக வந்திருக்கிறது. ஆய்வுக்காக ஒன்றின் வட்ட உலோகக் கூட்டை அறுத்துத் திறந்து பார்த்தேன். உள்ளே தனியாக வெப்ப அறை என்று எதுவுமே இல்லை. சிறிய பீங்கான் தட்டு ஒன்றின் அடிப்புறத்தில், உறையில்லாத டிரான்சிஸ்டர் சில்லு ஒன்று வெப்பமூட்டியாகவும், அதனருகிலேயே கடுகளவுத் தெர்மிஸ்டர் ஒன்று வெப்ப உணரியாகவும் ஒட்டப்பட்டிருக்கின்றன. தட்டின் மேற்புறத்தில், விளிம்பில் மட்டும் பிடிக்கப்பட்ட வட்டமான குவார்ட்ஸ் வில்லை, நடுவில் பொன் மின்வாயோடு நிற்கிறது. முழுத் தொகுதியும் வெப்பத்தை எளிதில் விடாத குட்டையான தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. மின்தொடர்பெல்லாம் தலைமுடியைவிடச் சற்றே பருத்த கம்பிகள் வழியாக. கூட்டின் உட்புறம் கண்ணாடி போல மின்னுகிறது. வழக்கமான ஓசிஎக்ஸ்ஓவில் படிகத்தின் கூடு, அதைச் சுற்றிய உலோகக் கட்டி, ஆசிலேட்டர் சுற்று ஆகிய மூன்றையும் சூடாக்க வேண்டும். இங்கே சூடாவது வில்லையும் தட்டும் மட்டுமே, மொத்தம் ஒரு கிராமுக்கும் குறைவான பொருள்.

இதன் பயன் சூடேறும் நேரத்தில் உடனே தெரிகிறது. 50 கிராம் தாமிரத்தை 65 டிகிரி உயர்த்த 1,200 ஜூலுக்கும் மேல் வேண்டும். 5 வாட் கொடுத்தாலும் நான்கு நிமிடத்துக்குக் குறையாது. இந்தச் சாதனம் மின்வழங்கலை இணைத்ததும் ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் இறுதி அதிர்வெண்ணிலிருந்து 0.1 பிபிஎம் (மில்லியனில் பங்கு) நெருக்கத்துக்கு வந்துவிடுகிறது. மூன்று நிமிடங்களில் விலகல் 10 பிபிபிக்குள் அடங்குகிறது. மின்கலத்தில் இயங்கி, அவ்வப்போது மட்டும் விழித்துக்கொள்ளும் கருவிகளுக்கு இது பெரிய வரம்.

அந்த வேகத்துக்கு வில்லையின் வெட்டும் ஒரு காரணம். 1934-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளியான ஏடி வெட்டு, படிக அச்சோடு ஏறத்தாழ 35 டிகிரி 15 நிமிடக் கோணத்தில் அறுக்கப்படுவது. இன்றும் பெரும்பாலான படிகங்கள் அதுவே. அதை விரைவாகச் சூடாக்கினால், நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே தோன்றும் வெப்ப வேறுபாடு வில்லையில் தகைவை உண்டாக்கி, அதிர்வெண்ணை இலக்கைத் தாண்டி எறிந்துவிட்டுப் பிறகு மெல்லத் திருப்பிக் கொண்டுவரும். 1970-களின் நடுவில் முன்மொழியப்பட்ட எஸ்சி வெட்டு, இரண்டு கோணங்களில் சாய்த்து அறுப்பதன் மூலம் இந்தத் தகைவின் விளைவை ஈடுசெய்கிறது. ஓசிஎக்ஸ்ஓவுக்கு அதைவிட முக்கியமான இன்னொரு குணமும் அதற்கு உண்டு. வெப்பநிலை–அதிர்வெண் வளைவு தன் திசையைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில்தான், அதாவது சிறிய வெப்ப மாற்றம் அதிர்வெண்ணை ஏறத்தாழ அசைக்காத இடத்தில்தான், படிகத்தை நிறுத்திவைக்க வேண்டும். ஏடி வெட்டில் 85 டிகிரிக்கு அருகே உள்ள அந்தத் திருப்புமுனை கூர்மையானது. எஸ்சி வெட்டில் வளைவின் மையமே 90 டிகிரியை ஒட்டி அமைந்துவிடுவதால், திருப்புமுனை பத்து மடங்குக்கும் மேல் தட்டையாகிறது. வெப்பக் கட்டுப்பாட்டில் அரை டிகிரி பிசகினாலும் படிகம் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது.

அதற்கான விலை வேறிடத்தில் செலுத்தப்படுகிறது. எஸ்சி வெட்டுப் படிகம் நாம் விரும்பும் அதிர்வுமுறைக்கு ஏறத்தாழ 9 முதல் 10 சதவீதம் மேலே, இன்னொரு முறையிலும் உற்சாகமாக அதிரும். அந்த முறையின் அதிர்வெண் டிகிரிக்கு 25 பிபிஎம்முக்கும் மேலாக வெப்பத்தோடு நகரக்கூடியது. இங்கே பயன்படுத்தியிருப்பது அடிப்படை அதிர்வைப் போல மூன்று மடங்கில் அதிரும் மூன்றாம் மேற்சுரம் என்பதால், 3.3 மெகாஹெர்ட்ஸ் அருகே உள்ள அடிப்படை அதிர்வையும் அடக்க வேண்டும். இரண்டையும் தடுப்பதற்குச் சுருள்களும் மின்தேக்கிகளும் தேவைப்படுகின்றன. அவற்றுக்குக் கூட்டுக்குள் இடமில்லை. எனவே அவை வெளியே, சூடாக்கப்படாத பலகையில் நிற்கின்றன. இந்த வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பக் கட்டுப்பாட்டுச் சுற்று எளிமையானது, ஆனால் நன்றாகச் சிந்தித்து அமைக்கப்பட்டது. மின்தடையை வெப்பமூட்டியாக வைத்தால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரிலும் வெப்பம் வீணாகும். டிரான்சிஸ்டரையே வெப்பமூட்டியாக வைத்திருப்பதால் வீணாக எதுவும் இல்லை, நிலையான மின்னழுத்தத்தில் வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், கட்டுப்பாட்டு வளையமும் எல்லா நிலைகளிலும் ஒரேபோல நடந்துகொள்ளும். ஒவ்வொரு வில்லையின் திருப்புமுனையும் வெட்டுக் கோணத்தின் நுண்ணிய பிசகுக்கேற்பச் சில டிகிரி வேறுபடும் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாக ஒரு மின்தடையைத் தேர்ந்து பொருத்தியிருக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் அந்த மின்தடை மதிப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. தொழிற்சாலையில் அந்த வேலையை ஒப்புக்குச் செய்யவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இனிச் சோதனைக்கு வருவோம். −20 முதல் 70 டிகிரி வரை வெப்பப் பெட்டியில் வைத்து, நிலையான அதிர்வெண் தரும் ரூபிடியம் மூலக் கருவி ஒன்றோடு ஒப்பிட்டு அளந்தபோது, மொத்த மாற்றம் 12 பிபிபி. தரவுத்தாள் கூட்டல் கழித்தல் 10 பிபிபி என்று உறுதியளிக்கிறது; ஆகவே புகாருக்கு இடமில்லை. ஆனால் வளைவின் வடிவம் என்னை உறுத்தியது. அது ஏறத்தாழ ஒரு நேர்கோடு. வெப்பக் கட்டுப்பாட்டுக்குப் பிடிபடாமல் மிஞ்சும் மாற்றம் படிகத்தை எட்டுவது பத்தில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இருக்காது. எஸ்சி வெட்டின் தட்டையான திருப்புமுனையில் அது அரை பிபிபியைக்கூடத் தராது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? நிறுத்திய வெப்பநிலை திருப்புமுனையிலிருந்து தள்ளியிருந்தாலும் நேர்கோடு வரலாம் என்பதால், வடிவத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது.

எனவே வெளி உறையைக் கழற்றிவிட்டு, குளிர்விக்கும் தெளிப்பானைக் கொண்டு பலகையில் உள்ள ஆசிலேட்டர் பகுதியை மட்டும் ஒரு நொடி குளிரவைத்தேன். அதிர்வெண் அந்த நொடியிலேயே நகர்ந்தது. வெப்பமூட்டியின் மின்னோட்டமோ அசையவில்லை. படிகக் கூடு இன்னும் செய்தி அறியாத நிலையில் அதிர்வெண் மட்டும் மாறுகிறது என்றால், குற்றவாளி வெளியேதான் இருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது வியப்பாகத் தோன்றாது. கட்டுப்பாட்டுக் கால் 0 முதல் 3.3 வோல்ட் வரை மாறும்போது அதிர்வெண் மொத்தம் 1 பிபிஎம் நகர்கிறது. அதாவது ஒரு மில்லிவோல்ட்டுக்கு 0.3 பிபிபி. உள்ளே, மின்னழுத்தத்துக்கேற்பத் தன் மின்தேக்கத்தை மாற்றி அதிர்வெண்ணை நகர்த்தும் வேரக்டர் டையோடுக்கு நிலை மின்னழுத்தம் தரும் 2.8 வோல்ட் சீராக்கி, டிகிரிக்கு மில்லியனில் 50 பங்கு நகரும் சாதாரண ரகமாக இருந்தால், 90 டிகிரி வீச்சில் 12 மில்லிவோல்ட்டுக்கு மேல் மாறும். ஏறத்தாழ 4 பிபிபி அங்கேயே போயிற்று. அதோடு சுருள்களும் மின்தேக்கிகளும் தம் பங்கைச் சேர்த்தால் 12 பிபிபி எளிதில் எட்டும் தொலைவுதான். படிகத்தை அவ்வளவு அக்கறையோடு வெற்றிடத்தில் வைத்துப் போற்றிவிட்டு, அதோடு இணைந்த சீராக்கியைத் தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல சீராக்கி ஒன்றும், ஒன்றையொன்று ஈடுசெய்யும் மின்தேக்கிகளும் போட்டிருந்தால், அளவையோ மின்திறனையோ கூட்டாமலேயே இந்தப் பன்னிரண்டைப் பாதியாக்கியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

வெற்றிடக் காப்பு மிக நன்றாக இருப்பதே இன்னொரு வரம்பையும் கொண்டுவருகிறது. அளந்த மின்திறனில் ஆசிலேட்டருக்கும் வெளியீட்டுச் சுற்றுக்கும் உரிய 40 மில்லிவாட்டைக் கழித்தால், வெப்பமூட்டி எடுப்பது 110 மில்லிவாட், டிகிரிக்கு 1.7 மில்லிவாட். கூட்டுக்குள் வேறு எந்த உறுப்பாவது 10 மில்லிவாட்டை வெளியிட்டால், வெப்பமூட்டி அணைந்திருந்தாலும் அது மட்டுமே 6 டிகிரி உயர்த்திவிடும். ஆசிலேட்டர் சுற்றை உள்ளே வைக்காததற்கு இடமின்மையோடு இதுவும் ஒரு நியாயமான காரணம். வெளிச் சுற்று தரும் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால், 70 டிகிரிக்கு மேல் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தரவுத்தாள் சொல்வது சரியே. 85 டிகிரிச் சூழலில் வைக்க நினைப்பவர்கள், 95 டிகிரிக்கு மேல் நிறுத்தப்பட்ட படிகம் கொண்ட வேறு வகையைத் தேட வேண்டும்.

அலையின் கட்டம் நுண்ணளவில் நடுங்குவதைக் குறிக்கும் கட்ட இரைச்சலில் இதன் நிலை நடுத்தரம். 10 ஹெர்ட்ஸ் தள்ளி அளந்தபோது −125 டெசிபல் அருகிலும், தொலைவில் −155 அருகிலும் நிற்கிறது. பெரிய ஓசிஎக்ஸ்ஓக்களின் சைன் அலை வெளியீட்டோடு இதை ஒப்பிடுவது நியாயமாகாது. குவார்ட்ஸில் அதிர்வெண்ணையும், அதிர்வில் ஆற்றல் எவ்வளவு குறைவாக இழக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் தரக் காரணியையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு, பொருளின் இயல்பிலேயே ஓர் உச்சவரம்பு உண்டு. ஏடி வெட்டுக்கு அது ஏறத்தாழ 1.6 × 10¹³ ஹெர்ட்ஸ். 10 மெகாஹெர்ட்ஸில் 16 லட்சம் என்ற தரக் காரணியைத் தாண்ட முடியாது. வில்லையின் விட்டம் சுருங்கும்போது, அதிர்வு நடுவில் அடங்காமல் விளிம்பிலுள்ள பிடிமானம் வரை கசிவதால், அந்த எண் மேலும் இறங்கும். இதை 10 கிகாஹெர்ட்ஸுக்குப் பெருக்க விரும்புபவர்கள் 60 டெசிபலைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை மறக்கக் கூடாது: −155 அங்கே −95 ஆகிவிடும்.

அதிர்ச்சிக்கும் சாய்வுக்கும் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தரவுத்தாள் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. தலைகீழாகத் திருப்பி, வெப்பம் நிலைக்கும்வரை காத்திருந்து அளந்தால், இரண்டு ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) மாறியதற்கு ஈடாக அதிர்வெண் 1.5 பிபிபி நகர்ந்தது. ஒரு ஜிக்கு 0.75 பிபிபி. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் சாதனம் 100 ஹெர்ட்ஸில் ஒரு ஜி அளவுக்கு அதிரும் இடத்தில் பொருத்தப்பட்டால், இந்த உணர்திறன் மூல அலைக்கு 88 டெசிபல் கீழே ஒரு பக்க அலையை எழுப்பும். அசையாத நிலையில் அங்கே உள்ள இரைச்சலைவிட அது பல மடங்கு உயரம். குளிர்விக்கும் விசிறியையும் மின்மாற்றியையும் இதன் அருகில் வைப்பவர்கள், படிகத்தின் இரைச்சல் எண்ணைப் படித்து மகிழ்வதில் பொருளில்லை.

மூப்பு, அதாவது காலப்போக்கில் அதிர்வெண் தானாக நகர்வது, என்ற விஷயத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. மூன்றாம் மேற்சுரத்தில் வில்லையின் தடிமன் அரை மி.மீ. அளவுக்கு இருக்கும், அடிப்படை அதிர்வில் அது மூன்றில் ஒரு பங்குதான். அரை மி.மீ.யில் ஒரு பிபிபி என்பது ஓர் அணுவின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத தடிமன். கூட்டுக்குள் மிஞ்சிய அழுக்கு மூலக்கூறுகள் மின்வாயில் படிவதும் விலகுவதும், பிடிமானத்தின் தகைவு தளர்வதும் இந்த அளவுகோலில் பேரளவு நிகழ்ச்சிகள். தடித்த வில்லையில் அதே படிவு குறைவான விளைவையே தரும். முதல் வாரங்களில் நாளுக்கு 1 பிபிபிக்கு அருகே இருந்த நகர்வு பிறகு 0.3 பிபிபியில் அமைதியடைந்தது. ஜிபிஎஸ் இணைப்பு அறுந்த பிறகு நேரத்தைத் தாங்கிப் பிடிக்க இதைப் பயன்படுத்துபவர்களுக்கு இதன் பொருள்: வெப்பநிலை மாறாமலே இருந்தாலும், நாளுக்கு 0.3 பிபிபி நகர்வு ஒரு நாள் முடிவில் ஏறத்தாழ 13 மைக்ரோநொடிப் பிழையாகத் திரளும், 0.1 பிபிபியாக இருந்தால் 4.3 மைக்ரோநொடி. அலைபேசிக் கோபுரங்களின் நேர ஒத்திசைவுக்கு வேண்டிய 1.5 மைக்ரோநொடிக்குள் ஒரு நாள் முழுதும் நிற்க இதனால் தனியே முடியாது. மூப்பின் போக்கை முன்கூட்டியே கற்றுக்கொண்டு திருத்தும் மென்பொருள் சேர்ந்தால் பல மணிநேரம் தாக்குப்பிடிக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி மறுநாள் மீண்டும் போட்டபோது அதிர்வெண் பழைய இடத்திலிருந்து 5 பிபிபி தள்ளி நின்றது. இந்த அளவுச் சாதனத்தில் அது இயல்பே.

வெற்றிடத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்று கூட்டுக்குள் புகுந்தாலே வெப்பக் கடத்தல் ஏறத்தாழ முழு அளவுக்குத் திரும்பிவிடும். ஏனெனில், காற்றின் கடத்துதிறன் அழுத்தம் குறையக் குறைய நெடுந்தூரம் மாறாமலே இருந்து, மூலக்கூறுகள் மோதாமல் செல்லும் தொலைவு சுவர் இடைவெளியை எட்டிய பிறகுதான் சரியத் தொடங்குகிறது. ஆகவே கூட்டின் முத்திரையில் மயிரிழைக் கசிவு இருந்தால், அது வெப்பமூட்டியின் மின்னோட்டத்தில் முதலில் தெரியும். புதிதாக வாங்கியதும் 25 டிகிரியில் மொத்த மின்னோட்டத்தைக் குறித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டால், சாதனத்தின் உடல்நிலையை அதுவே சொல்லிவிடும். என்னிடம் உள்ள தொகுதிகளில் இதுவரை 45 மில்லிஆம்பியரிலிருந்து மாற்றம் எதுவும் தென்படவில்லை.

பலகையில் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றைத் தரவுத்தாள் சரியாகச் சொல்லவில்லை. முதன்மையானது தரைக்கால். வெப்பமூட்டியின் மின்னோட்டமும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தின் தரையும் ஒரே கால் வழியாகத்தான் திரும்புகின்றன. 70 டிகிரியிலிருந்து −20 டிகிரிக்குப் போகும்போது அந்த மின்னோட்டம் ஏறத்தாழ 45 மில்லிஆம்பியர் மாறலாம். பலகையின் தடத்தில் 20 மில்லிஓம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். அதாவது 0.3 பிபிபி, இலவசமாக வந்து சேரும். எண்களைக் கட்டுப்பாட்டு மின்னழுத்தமாக மாற்றித் தரும் டிஏசி சில்லின் தரையை, தொகுதியின் தரைக்காலின் அடியிலிருந்தே தனித் தடமாக எடுத்தால் இதில் பெரும்பகுதி மறைந்துவிடும். கூட்டின் அடியில் அகன்ற தாமிரப் பரப்பை ஓடவிட வேண்டாம்; ஓடவிட்டால் வெளிச் சுற்றின் வெப்பநிலை அறையின் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்ப ஆடும். காற்றோட்டம் நேரே படாமல் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்ப்பது, ஒரு நொடி முதல் சில நூறு நொடி வரையிலான நிலைத்தன்மையைக் கண்கூடாக மேம்படுத்துகிறது. பற்றவைத்த பிறகு மீயொலித் தொட்டியில் போட்டுக் கழுவக் கூடாது; மெல்லிய தாங்கிகளும் வில்லையும் அதைத் தாங்கா.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? கையடக்க அளவுகருவிகள், மின்கலத்தில் இயங்கும் தரவுப் பதிவிகள், ஜிபிஎஸ் வழியே திருத்தப்படும் சிறிய அதிர்வெண் மூலங்கள் ஆகியவற்றைச் செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். 150 மில்லிவாட்டில் பிபிபி அளவிலான நிலைத்தன்மை கிடைப்பது இன்றும் எளிதான காரியமல்ல. இடமும் மின்திறனும் தாராளமாக உள்ள மேசைக் கருவிகளுக்கு இது தேவையில்லை. பெரிய பெட்டி எல்லா வகையிலும் முந்திவிடும். திருத்தமே செய்யாமல் தனித்து ஓடவிடப் போகிறவர்கள், இதே தொகுதியின் கட்டுப்பாட்டுக் கால் இல்லாத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. வேரக்டரும் அதற்கான சீராக்கியும் இல்லாததால், வெப்பச் சரிவின் கணிசமான பகுதி அதில் தொடக்கத்திலேயே குறைந்துவிடும். தொழிற்சாலையில் அமைத்த அதிர்வெண்ணிலிருந்து பின்னர் ஏற்படும் மூப்பு விலகலை எண்முறையில் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.